பாலின அடையாளத்தை வெளியில் சொல்வது யாருடைய முடிவு? சட்டம் கூறுவது என்ன?

ஏலப்பாறை: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் உள்ள ஏலப்பாறையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வசித்து வருகின்றன. ஒரு சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் லயங்களில், ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்கும் கேட்கும். அவ்வீடும் பெற்றோரின் தோட்ட வேலையைச் சார்ந்தது. இச்சூழலில், தாம் திருநர் என்றோ தன்பாலீர்ப்பு உடையவர் என்றோ உணரும் இளைஞர் அதனை வெளிப்படுத்துவது, அவரது தங்குமிடத்தையே பாதிக்கக்கூடிய முடிவாகிறது.

சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டா?

இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, பாலீர்ப்பும் அந்தரங்கத்தின் இன்றியமையாத பகுதி எனக் கூறியது. ஆகவே யாரிடம், எப்போது சொல்வது என்பது அவரவர் முடிவே.

சொல்வது குற்றமாகுமா?

ஆகாது. வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருநருக்கெனத் தனிக் கொள்கையைக் கேரள அரசு 2015-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது.

குடும்பத்தினர் எதிர்த்தால்?

மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் இணைந்து வாழ விரும்பிச் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் காவல் துறையில் புகார் அளித்ததால், பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவில், காணாமல்போனதாகத் தேடப்படுவோர் மனமொத்து வாழும் வயதுவந்தோர் எனத் தெரியவந்தால், வாக்குமூலம் பெற்று, துன்புறுத்தலின்றிப் புகாரை முடித்துவைக்குமாறு காவல் துறைக்கு அறிவுறுத்தினார். பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைக்கும் அவ்வழக்கில் தடை விதிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, அத்தகைய சிகிச்சை அளிப்பது மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

தமிழகக் காவல் துறைக்கு இடப்பட்ட அந்த உத்தரவு கேரளக் காவல் துறையைக் கட்டுப்படுத்தாது. எனினும், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் ஏலப்பாறைக்கும் பொருந்தும். அவற்றின்படி, ஆட்கொணர்வு மனுக்களில் சம்பந்தப்பட்டவரின் விருப்பத்தைக் குடும்பத்தாரின் நெருக்குதலின்றி நீதிபதி அறிய வேண்டும். ஆலோசனை என்ற பெயரில் அவரது அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மாற்ற முயலக் கூடாது.

முடிவெடுக்கும் முன்...

தம் விருப்பப்படி தனித்து வாழும் உரிமை 18 வயது நிறைந்தோருக்கே உண்டு. நீதிமன்றப் பாதுகாப்பு கிடைக்கும் வரையிலான நாள்களுக்குத் தங்குமிடமும் வருவாயும் தேவை. எனவே கல்விச் சான்றிதழ்கள், ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை தம் வசம் உள்ளனவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது நன்று. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மட்டும் முதலில் சொல்வதும், உரிய காலம் வரும்வரை சொல்லாதிருப்பதும் அவரவர் உரிமைக்கு உட்பட்டவையே. அது கோழைத்தனமன்று.

மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணிலும், இலவசச் சட்ட உதவியை 15100 என்ற எண்ணிலும் பெறலாம்.