நாய்க்காகக் கை ஓங்கலாமா?

ஏரல் பக்கம் தாமிரபரணிப் பாய்ச்சலில் வாழை போட்டவர் ஒருவர், தோட்டக் காவலுக்குக் கன்னி நாய் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுச்சாமத்தில் பைக்கில் வந்த இருவர் அதைச் சாக்கில் கட்டித் தூக்குகிறார்கள். கம்பை எடுத்து அடிக்கலாமா? அடிக்கலாம். எவ்வளவு அடிக்கலாம் என்பதில்தான் வில்லங்கம்.

வளர்ப்பவருக்கு நாய் பிள்ளை. சட்டத்துக்கு அது உடைமை. கேட்கக் கசந்தாலும் கை கொடுப்பது அதுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு, உடலைப் போலவே உடைமையையும் திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறலிலிருந்து காத்துக்கொள்ள உரிமை தருகிறது. அடுத்தவர் ஆட்டைக் காக்கவும் அது செல்லும். ஆனால் 37ஆம் பிரிவு கடிவாளம் போடுகிறது: தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் அடி கூடாது; போலீசை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. சாக்கைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து, மரத்தில் கட்டி வைத்து உதைத்தால், அங்கே குற்றவாளி தோட்டக்காரர்தான். உடைமை கைக்கு வந்ததுமே உரிமை முடிந்துவிட்டது.

வெறும் திருட்டுக்காக உயிரை எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. கொள்ளை, இரவில் வீடு உடைத்துப் புகுதல், வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய திருட்டு ஆகியவற்றில்தான் அந்தக் கடைசி எல்லை திறக்கும். அச்சம் வெறும் கற்பனையல்ல. 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப் போன நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனை வெட்டிக் கொன்றார்கள். அரிவாள் வெளியே வந்துவிட்டால் நீங்கள் காப்பது நாயை அல்ல, உங்கள் கழுத்தை.

மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்குப் பெருமை சேர்க்கிறது. இன்றைய கோவிவன் தெருவில் போகிறவரைக் கடித்தால், கவனக்குறைவாக விட்டவருக்கு 291ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாயும் நாயைத் தள்ளிவிட ஒருவர் கல்லெடுத்தால் அது குற்றமாகாது. ஆகவே அவர்மேல் பாய நமக்கு உரிமையும் வராது. ஊர்ச் சண்டைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம் மாறுகின்றன. 2023 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டம் தாடிக்கொம்பு அருகே, வளர்ப்பு நாயைப் பெயர் சொல்லாமல் ‘நாய்’ என்றதற்காக முதியவர் ஒருவரை உறவினர்களே அடித்ததில் அவர் இறந்துபோனார். நாய்மேல் அங்கே யாரும் கை வைக்கவே இல்லை.

கல்லெறிந்த அதே ஆள் மறுநாள் கறியில் விஷம் வைத்தால் கதையே வேறு. 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் முன்முயற்சி எடுத்து உருவான 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இன்றைக்கு அது டீச்செலவு. அதனால் புகாரில் 325ஐக் கேட்டு எழுதுங்கள். அதற்கு முன் நாயைப் புதைத்துவிடாமல், அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். கைகலப்பு நடந்திருந்தால் உங்கள் காயத்தையும் அன்றே அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள். தற்காப்புக்காக அடித்தேன் என்பதை நம்பும்படி காட்ட வேண்டிய பொறுப்பு அடித்தவருடையது.