தொட்டால் போதுமா? நரம்பு செல்கள் இணையும் விதம்

வளரும் நரம்பு செல்லின் நீண்ட இழை வழியில் எத்தனையோ செல்களை உரசிச் செல்கிறது. சினாப்ஸ் எனப்படும் செய்தி கடத்தும் இணைப்பை அமைப்பதோ சிலவற்றோடு மட்டும்தான். அந்தத் தேர்வில் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிப் புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. செய்தி அனுப்பும் பக்கத்தில் நியூரெக்சின், பெறும் பக்கத்தில் நியூரோலிஜின். இரண்டும் செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைத் தாண்டிக் கைகோக்கின்றன. 2000-இல் வெளியான ஒரு சோதனையில், நரம்போடு சம்பந்தமே இல்லாத செல்லில் நியூரோலிஜினை உருவாகச் செய்து, அதன்மேல் நரம்பு இழையைப் படரவிட்டார்கள். தொட்ட இடத்தில், வேதித்தூது நிரம்பிய நுண்பைகள் வந்து குவிந்தன. இந்தக் குவிதலைத் தூண்டிவிட அந்த ஒரு புரதமே போதுமாக இருந்தது.

அப்படியானால் அது இல்லாதபோது சினாப்ஸே உருவாகக் கூடாதே? நியாயமான கேள்விதான். மூன்று வகை நியூரோலிஜின்களையும் நீக்கிய சுண்டெலிக் குட்டிகள், 2006-இல் வெளியான ஆய்வின்படி, மூச்சுவிட முடியாமல் பிறந்த சற்று நேரத்தில் இறந்தன. ஆனால் மூளையில் சினாப்ஸ்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. செய்தி கடத்துவதுதான் தடுமாறியது. ஆகவே, போதுமானதையெல்லாம் இன்றியமையாதது என்று எடுத்துக்கொள்வது அவசரம். முதல் தொடுகைக்கு வேறு ஒட்டுப் புரதங்களும் துணை நிற்கின்றன. நியூரோலிஜினின் முக்கிய வேலை, அமைந்த இணைப்பை முதிரவைப்பது என்றே கொள்ளத் தோன்றுகிறது. அதன் முதல் வகை தூண்டும் சினாப்ஸ்களிலும், இரண்டாம் வகை அடக்கும் சினாப்ஸ்களிலும் பெரும்பாலும் தங்குவது இதற்குப் பொருந்தி வருகிறது.