குறிப்பு போனது, கேள்வி போகவில்லை

1990களில் அமெரிக்காவில் டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள ஒரு பிள்ளை, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வைக் கூடுதல் நேரம் வாங்கி எழுதினால், அதன் மதிப்பெண் கல்லூரிக்குத் தனியாகப் போகாது. வழக்கமான முறையில் நடத்தப்பட்ட தேர்வு அல்ல என்று அறிவிக்கும் ஒரு குறிப்பும் ஒட்டிக்கொண்டே போகும். என்ன குறைபாடு, எவ்வளவு நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்ற விவரமெல்லாம் அதில் இருக்காது. சேர்க்கை அலுவலகத்தில் கட்டுக்கட்டாக விண்ணப்பம் படிப்பவருக்கு அந்த ஒரு வரியே போதும். மிச்சத்தை அவரே ஊகித்துக்கொள்வார்.

இத்தனைக்கும் அப்போதே சட்டம் இருந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், 504ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அதற்கான விதிகள்தான் நான்கு ஆண்டுகள் இழுபட்டன. 1977 ஏப்ரலில் ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடிய ஜூடி ஹியூமன் முதலானோர் சான் ஃபிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து, நாள்கணக்கில் நகர மறுத்து உட்கார்ந்த பிறகே கையெழுத்து விழுந்தது. விண்ணப்பிக்கும் மாணவரிடம் உனக்குக் குறைபாடு உண்டா என்று சேர்க்கைக்கு முன்னால் கல்லூரி கேட்கக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. ஆனால் கல்லூரி கேட்கக் கூடாததைத் தேர்வு நடத்தும் நிறுவனம் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது. தற்காலிகம் என்று அரசு விட்டுவைத்த இந்த ஏற்பாடு கால் நூற்றாண்டு ஓடியது.

அந்தக் கால மாணவர் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். நேரம் கேட்டால் குறிப்பு விழும். கேட்காவிட்டால் வினாத்தாளில் கடைசிப் பக்கங்கள் தொடப்படாமலே கிடக்கும். படிக்கத் தெரியும், விடையும் தெரியும், எழுத்துகளைக் கூட்டி வாசிக்கும் வேகம் மட்டும் குறைவு என்பவருக்கு இரண்டுமே நஷ்டம்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை வாங்க என்று அழைத்த கல்லூரிகளை விரல்விட்டு எண்ணலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கரி கல்லூரி 1970இல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் சால்ட் மையம் 1980இல் வந்தது. வெர்மான்ட்டின் புட்னி என்ற சிற்றூரில் 1985இல் திறக்கப்பட்ட லேண்ட்மார்க் கல்லூரி, டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்காகவே எழுந்த கல்லூரி. மற்ற இடங்களில் உள்ளே போன பிறகும் சந்தேகம் துரத்தியது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் உயர் பொறுப்பில் இருந்த ஜான் வெஸ்ட்லிங், வகுப்பில் தூங்கிவிடுவேன், அதற்கும் சலுகை வேண்டும் என்று கேட்கும் சமந்தா என்ற மாணவியைப் பற்றி 1995இல் மேடையில் பேசினார். கேட்டவர்கள் நம்பினார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனபோது அப்படி ஒரு மாணவியே கிடையாது, அவள் தன் கற்பனை என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1997இல் நீதிபதி பேட்டி சாரிஸ் அளித்த தீர்ப்பு, பல்கலைக்கழகம் சட்டத்தை மீறியது என்றது.

மதிப்பெண் அறிக்கையின் குறிப்பை நீக்க வழி திறந்தவர் மார்க் பிரைம்ஹார்ஸ்ட். அவருக்குக் கற்றல் குறைபாடு இல்லை, கைகள் இல்லை. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வைக் கூடுதல் நேரம் பெற்று எழுதினார். அவர் மதிப்பெண்ணிலும் அதே குறிப்பு விழுந்தது. 1999இல் வழக்குப் போட்டார். 2001இல் சமரசம் ஏற்பட்டு, ஜிமேட், ஜிஆர்இ போன்ற தேர்வுகளில் குறிப்பு நின்றது. எஸ்ஏடியின் உரிமையாளரான, அந்த வழக்கில் நேரடியாக இல்லாத காலேஜ் போர்டும் நிபுணர் குழு வைத்து ஆராய்ந்து, 2003 இலையுதிர்காலம் முதல் தன் தேர்வில் அதைக் கைவிட்டது. ஏசிடி தேர்வும் பின்னாலேயே வந்தது. சட்டப் படிப்புக்கான எல்சாட் 2014 வரை பிடிவாதம் பிடித்து, அரசு தலையிட்ட பிறகே வழிக்கு வந்தது.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். பள்ளியில் ஏற்கெனவே கூடுதல் நேரம் பெறும் மாணவருக்கு, 2017 முதல் எஸ்ஏடியிலும் பெரும்பாலும் கேள்வியில்லாமல் அது கிடைக்கிறது. கல்லூரிக்குப் போவது வெறும் எண் மட்டுமே. எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் இதற்கென ஓர் அலுவலகம் இருக்கிறது. தங்களுக்கு ஏதோ ஒரு குறைபாடு உண்டு என்று சொல்லும் கல்லூரி மாணவர்களின் பங்கு 2004இல் 11 சதவீதம், 2020இல் 21 சதவீதம்.

ஆனால் விண்ணப்பத்தில் குறைபாட்டைக் காட்டிக்கொடுக்க மதிப்பெண் அறிக்கைதான் வேண்டும் என்பதில்லை. பள்ளி மார்க் பட்டியலே போதும். இது பளிச்சென்று தெரிவது டெஃபரல் வரும்போதுதான்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்காவில் நவம்பர் தொடக்கத்தில் எர்லி ஆக்‌ஷன், எர்லி டெசிஷன் என்று முன்கூட்டி விண்ணப்பிப்பவர்களில் பலருக்கு டிசம்பர் நடுவில் பதில் வரும். இடம் உண்டு, இல்லை என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்று உண்டு: இப்போது முடிவு சொல்லவில்லை, பொதுச்சுற்றில் மறுபடி பார்க்கிறோம். இதுவே டெஃபர். முன்சுற்றில் இடம் தராத எல்லோரையும் இப்படித் தள்ளிவைப்பதை ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் நெடுங்காலமாக வழக்கமாகவே வைத்திருந்தது. டெஃபர் ஆனவர்களுக்கு மார்ச் கடைசிக்குள் முடிவு வரும். இடையில் பள்ளியின் அரையாண்டு மதிப்பெண் போக வேண்டும். பல கல்லூரிகள் மாணவரிடமிருந்து ஒரு கடிதத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், இந்தக் கொஞ்ச நாளில் இவையெல்லாம் செய்தேன் என்று எழுதும் கடிதம்.

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இந்தக் கடிதத்தை வைத்து நடந்த வாக்குவாதத்தைக் கேட்டிருக்கிறேன். மகளுக்கு டிஸ்லெக்ஸியா. கணக்கில் கெட்டி, அறிவியலிலும் நல்ல மார்க். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தில் இரண்டு ‘சி’. ஸ்பானிஷ் இருக்க வேண்டிய இடம் காலி, ஏனென்றால் பள்ளியே விலக்குக் கொடுத்திருந்தது. டெஃபர் என்று போர்ட்டலில் பார்த்த அன்று இரவே அம்மா சொல்லிவிட்டார்: “டிஸ்லெக்ஸியா ரிப்போர்ட்டை அனுப்பிடலாம்டி. பார்த்தா அவங்களுக்கே புரியும்.” மகள் விடவில்லை: “எதுக்கும்மா? நான் என்ன பேஷண்டா, ரிப்போர்ட் அனுப்ப?” அப்பாவுக்கு வேறு பயம். “சொன்னா, இவளால முடியாதுன்னு நினைச்சுட்டா?”

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1990களின் பெற்றோருக்கு இந்த வாக்குவாதம் வந்திருக்க வழியில்லை. சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் யோசிக்கும் முன்னமே அந்த ஒரு வரி சொல்லிவிட்டிருக்கும். குறிப்பு நீங்கியதால் கிடைத்தது சுதந்திரம்தான், சந்தேகமே இல்லை. கூடவே, தன்னைப் பற்றி என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது, எந்தத் தொனியில் சொல்வது என்ற வேலை முழுவதும் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் வந்து விழுந்தது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் கூடுதல் தகவலுக்கு என்று இருந்த 650 சொல் இடமும் 2025இல் 300 சொல்லாகக் குறைந்துவிட்டது.

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்னது இது. காகிதத்தில் ஒரு கேள்வி தொக்கி நின்றால் அதற்குப் பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஸ்பானிஷ் ஏன் இல்லை என்று படிப்பவர் நிச்சயம் யோசிப்பார். காரணம் தெரியாவிட்டால் சோம்பல் என்றோ, கஷ்டமான பாடத்துக்குப் பயந்தாள் என்றோ எடுத்துக்கொள்வார். அதற்கு உளவியல் அறிக்கையின் முப்பது பக்கம் வேண்டாம், மூன்று வாக்கியம் போதும். எனக்கு டிஸ்லெக்ஸியா, அதனால் பள்ளி மொழிப்பாட விலக்கு அளித்தது, பாடநூலை ஒலிவடிவில் கேட்டுப் படிக்கப் பழகிய பிறகு என் ஆங்கில மதிப்பெண் இப்படி ஏறியது. அதையும் பள்ளி கவுன்சலர் அரையாண்டு மதிப்பெண்ணோடு எழுதினால் இன்னும் நல்லது. மாணவியின் கடிதம் அவள் செய்ததைப் பற்றிப் பேசட்டும்.

அப்பாவின் பயத்தைத் தள்ளிவிட முடியவில்லை. 2019இல் வெடித்த சேர்க்கை மோசடி அதை அதிகமாக்கிவிட்டது. வில்லியம் சிங்கர் என்ற இடைத்தரகர், நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கச் சொல்லி, கூடுதல் நேரம் பெற்று, தனக்கு வேண்டிய தேர்வு மையத்துக்கு அனுப்பி, விடைகளைத் திருத்த ஆள் வைத்தார். இதற்குக் காசு கொடுத்ததெல்லாம் பணக்காரப் பெற்றோர். அந்தச் செய்திக்குப் பின் உண்மையாகவே தேவைப்படும் பிள்ளை வாயைத் திறந்தாலும் ஒரு புருவம் உயர்கிறது. பாஸ்டனின் கற்பனைச் சமந்தா விதைத்த அதே சந்தேகத்துக்கு இப்போது உண்மை உதாரணம் ஒன்று கிடைத்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரிகளில் குறைபாடு உள்ள மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அதைத் தங்கள் கல்லூரிக்குத் தெரிவிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனாலும் வாயை மூடிக்கொள்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது. பள்ளியில் ஐஇபி என்ற தனித் திட்டம் போட்டு, ஆண்டுதோறும் கூட்டம் வைத்து, அம்மா அப்பாவையும் உட்காரவைத்துப் பேசியதெல்லாம் 1975இன் கல்விச் சட்டம் கொடுத்த உரிமை. அது பள்ளி வாசலோடு முடிந்துவிடும். கல்லூரியில் யாரும் தேடி வரமாட்டார்கள். மாணவரே அலுவலகத்துக்குப் போய், சான்றுகளைக் கொடுத்து, கேட்டு வாங்க வேண்டும். பிள்ளையின் சம்மதம் இல்லாவிட்டால் அம்மா போன் போட்டாலும் பேசமாட்டார்கள். சேர்க்கையின்போது சொல்லாதவர்கூட, உதவி வேண்டுமென்றால், முதல் பருவத் தேர்வுக்கு முன் சொல்லியே ஆக வேண்டும்.

அதனால் டிசம்பர் முதல் மார்ச் வரை அந்த வீட்டில் செய்ய வேண்டிய வேலை வேறொன்று. கல்லூரி நம்மை எடைபோடுகிற அதே மாதங்களில் நாமும் அதை எடைபோடலாம். மொழிப்பாடம் கட்டாயமா, அதற்கு மாற்றுப் பாடம் தருவார்களா? கூடுதல் நேரத்துக்கு எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும்? பாடநூல்கள் ஒலிவடிவில் கிடைக்குமா? எந்த உதவிக்குத் தனிக் கட்டணம்? எடிசன் பெண் இந்தக் கேள்விகளைத் தானே மின்னஞ்சலில் நான்கு கல்லூரிகளுக்கு அனுப்பினாள். இரண்டு இடங்களிலிருந்து விரிவான பதில், ஓரிடத்திலிருந்து இணையதள முகவரி மட்டும், டெஃபர் செய்த கல்லூரியிலிருந்து மௌனம்.

மார்ச்சில் அந்தக் கல்லூரி இடம் தந்தால் போவாளா என்று கேட்டேன். “முதல்ல மெயிலுக்குப் பதில் போடட்டும் மாமா” என்றாள்.