ஓமம் குடலில் எதுவரை போகும்?

வந்திருக்கும் கடிதங்கள் எல்லாம் செப்டம்பர் 3, 2026 என்ற தேதியைப் பற்றியவை. மும்பையின் சயான், தாராவி, செம்பூரில் இருந்துகொண்டு ஊரில் வெண்பன்றிப் பண்ணைக்குப் பணம் போட்டவர்கள், “அதற்குள் மூலிகைத் தீவனத்துக்கு மாறாவிட்டால் பண்ணையை மூட வேண்டுமாமே?” என்கிறார்கள். வேண்டாம். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் இறக்குமதி விதி. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுத்த விலங்கின் இறைச்சியை அவர்கள் வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான். தேவனார் இறைச்சிக்கூடத்துக்குப் போகும் பன்றியை அது தொடாது. நம் நாட்டில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2019-லேயே தடை வந்துவிட்டது.

இந்தத் தேதியைக் காட்டி விற்கும் மூலிகைத் தீவன டப்பாக்களில் ‘நோய் எதிர்ப்புச் சக்தி பெருகும்’ என்றிருக்கும். ஆதாரம் கேட்டால் அது வெறும் தீவனச் சேர்மானம். விலை சொல்லும்போது மட்டும் மருந்து.

தாயிடமிருந்து பிரித்த முதல் இரண்டு வாரம்தான் குட்டிக்குக் கண்டம். சீம்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் வடிந்திருக்கும், சொந்தமாக இன்னும் ஊறியிருக்காது. பால் நின்றதும் இரைப்பையில் புளிப்பு குறையும். ஈ.கோலை சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கழிச்சல் தொடங்கும். ஓமத்திலுள்ள தைமால் அந்தக் கிருமியின் உறையைச் சோதனைக் குழாயில் ஓட்டையாக்கும். விளம்பரம் அதோடு நின்றுவிடுகிறது. குட்டியின் வயிற்றிலோ தைமாலில் பெரும்பகுதி இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. கீழே போய்ச் சேர்வது சொற்பம். அதனால் தைமால் உள்ள ஓம எண்ணெயைக் கெட்டிக் கொழுப்புக்குள் பொதிகிறார்கள். இரைப்பை அமிலத்துக்குக் கரையாத கொழுப்பை, சிறுகுடலில் கணைய நொதி உடைத்துத் திறக்கும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் பால் மறக்கும் அதே வாரத்தில் குட்டிக்கு அந்த நொதியும் குறைந்துவிடுகிறது! இதை எந்த டப்பாவும் சொல்வதில்லை.

கடிதங்களில் உள்ள மற்றக் கேள்விகளுக்கு வருவோம். வீட்டு ஓமத்தைப் பொடித்துப் போடலாமா? கெடுதல் இல்லை, ஆனால் மேற்சொன்ன பொதி அதில் கிடையாது.

குருணைத் தீவனத்தில் கலந்தே வருகிறதே? குருணையாக்கும் நீராவிச் சூட்டில் மணத்தோடு எண்ணெயும் கொஞ்சம் பறந்துவிடும்.

இரும்பு ஊசிக்கு மாற்றா? இல்லை, பிறந்த மூன்றாம் நாளையொட்டி ஊசி போட்டே ஆகவேண்டும்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தடுக்குமா? 2020-ல் இந்தியாவுக்குள் வந்த அந்த நோய்க்கு எந்த மூலிகையும் தடை இல்லை.

ஹோட்டல் மிச்சத்தில் கலக்கலாமா? முதலில் அந்த மிச்சத்தைக் கொதிக்க வையுங்கள்.

எதை வாங்குவது? குட்டிகளில் சோதித்த எடைக் கணக்கை விற்பவரிடம் கேளுங்கள். அதே கொட்டகையில் சேர்மானம் தின்னாத குட்டிகளின் எடையையும் பக்கத்திலேயே காட்டாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.