சுடச் சொன்னார், திரை இருண்டது!

வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துப் பழகியவர்களுக்குத் 'தொடரும்' என்ற சொல்லின் கொடுமை தெரியும். கதாநாயகி கிணற்றடிக்குப் போவாள். அடுத்த இதழ் வரும்வரை அங்கேயே நிற்பாள். ஒரு வாரத்துக்கே இந்தப் பாடு என்றால் மூன்று மாதம் காக்க வைத்தால்? 1990-ம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க டெலிவிஷன் ரசிகர்களுக்கு அதுதான் நேர்ந்தது.

'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்பது இருபத்து நான்காம் நூற்றாண்டில் நடப்பதாகக் கற்பனை செய்த விண்வெளிக் கதை. எண்டர்பிரைஸ் என்ற கப்பல், அதன் காப்டன் பிக்கார்ட். அந்த ஆண்டு ஜூன் 18-ம் தேதி வாரத்தில், தொடரின் மூன்றாம் ஆண்டுக் கடைசிப் பகுதி ஒளிபரப்பாயிற்று. போர்க் என்னும் பகைவர்கள் பூமியை நோக்கி வருகிறார்கள். பாதி மனிதர், பாதி யந்திரம். தனித்தனிப் பெயர் கிடையாது, தனி எண்ணம் கிடையாது. அத்தனை பேருக்கும் ஒரே மனம். பிடிபட்டவர்களையும் தங்களைப் போலவே ஆக்கிவிடுவார்கள். அவர்களுடைய கப்பலோ சதுரமான ஒரு ராட்சதப் பெட்டி. கூட்ஸ் ஷெட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் மரப்பெட்டியை நினைத்துக் கொள்ளலாம்.

அவர்கள் பிக்கார்டையே கடத்திப் போய், முகத்தில் யந்திரத்தைப் பொருத்தி, லொக்யூட்டஸ் என்று பெயரிட்டுத் தங்கள் சார்பில் பேச வைக்கிறார்கள். எண்டர்பிரைஸின் திரையில் அந்த முகம் தோன்றிப் பழைய வாழ்வு முடிந்தது என்கிறது. துணைத் தலைவர் ரைக்கர், தம் காப்டன் இருக்கும் அந்தக் கப்பலைச் சுடும்படி உத்தரவிடுகிறார். அவ்வளவுதான். திரை இருண்டுவிட்டது. மீதி செப்டம்பரில்!

பிக்கார்ட் செத்தார் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அதற்கு முகாந்திரமும் இருந்தது. பிக்கார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட் விலகப் போகிறார் என்று பலமான பேச்சு. அப்படியானால் ரைக்கர் காப்டன். அவருடைய இடத்துக்கு, அந்தப் பகுதியில் புதிதாக வந்து அவரோடு மல்லுக்கு நின்ற ஷெல்பி என்ற பெண் அதிகாரி. நாற்காலிகள்கூட நிரம்பியாயிற்று. ரைக்கர் சுடும் ஆயுதம் பலிக்குமா என்பது அடுத்த கேள்வி. ஊன்றிப் பார்த்தவர்களுக்கு விடை அங்கேயே கிடைத்திருக்கும். அந்த ஆயுதத்தைப் பற்றிப் பிக்கார்டுக்குத் தெரியும். பிக்கார்டுக்குத் தெரிந்தது பகைவனுக்கும் தெரியும்.

எழுதியவருக்கே தெரியாது

வேடிக்கை என்னவென்றால், கதையை எழுதிய மைக்கேல் பில்லருக்கே முடிவு தெரியாது. அந்த ஆண்டோடு விலகிவிடுவது என்று இருந்தவர் அவர். முடிச்சைப் போடுவது தன் வேலை, அவிழ்ப்பது அடுத்து வருபவர் தலைவலி என்று விட்டிருந்தார். பிறகு மனம் மாறித் தங்கிவிட்டார்; தலைவலியும் அவருக்கே வந்தது. 'போவதா, இருப்பதா' என்ற தம்முடைய தடுமாற்றத்தையே ரைக்கரின் தலையில் ஏற்றியதாகப் பிற்பாடு அவரே சொன்னார். தனிக் கப்பலின் தலைமை மூன்றாம் முறையாகத் தேடி வந்தும் ரைக்கர் எண்டர்பிரைஸை விட்டு நகரமாட்டார் அல்லவா?

செப்டம்பர் 24-ம் தேதி வாரத்தில் விடை வந்தது. ஆயுதம் பலிக்கவில்லை. வுல்ஃப் 359 என்ற விண்மீன் அருகே நடந்த சண்டையில் 39 கப்பல்கள் நாசம். பிக்கார்டை மீட்டு வந்து, அவர் மனத்தின் வழியாகவே பகைவர் கூட்டத்துக்குத் 'தூங்கு' என்று கட்டளை அனுப்புகிறார்கள். கப்பல் தானே வெடித்துச் சிதறுகிறது. மூன்று மாதம் காத்ததற்கு இது கொஞ்சம் சுலபமான முடிவுதான். முதல் பாதி பதினாறணா என்றால் இது பன்னிரண்டணா.

மீதி நாலணா அடுத்த வாரம் கிடைத்தது. 'ஃபேமிலி' என்ற அந்தப் பகுதியில் சண்டை இல்லை. கப்பலை ஓட்டும் மேடைகூட ஒரு காட்சியிலும் வராது. பிக்கார்ட் பிரான்சில் உள்ள தம் ஊருக்குப் போகிறார். அங்கே திராட்சைத் தோட்டம் பார்க்கும் அண்ணன். பழைய மனஸ்தாபம் முற்றிச் சேற்றில் கட்டிப் புரண்டு, சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு சட்டென்று அழுகையாகிறது. தன்னைக் கொண்டே தன் ஆட்களைக் கொன்றார்களே, தடுக்கப் பலமில்லையே என்று காப்டன் விம்முகிறார். பிழைப்பாரா, மாட்டாரா என்று கோடை முழுவதும் பேசியாயிற்று. பிழைத்தால் எப்படிப்பட்ட மனிதராகத் திரும்புவார் என்பதல்லவா பெரிய கேள்வி!

அந்தக் கேள்வி அதோடு தீர்ந்துவிடவும் இல்லை. 1993-ல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் தலைவன் சிஸ்கோ, வுல்ஃப் 359 சண்டையில் மனைவியைப் பறிகொடுத்தவன். பிக்கார்டோடு முகம் கொடுத்துப் பேச அவனால் முடியவில்லை. பில்லர் 2005-ல் காலமானார். அவர் போட்ட முடிச்சை 2023-ல் 'பிக்கார்ட்' தொடர் மறுபடி எடுத்தது. பகைவர்கள் அன்றைக்குக் காப்டனின் உடம்பில் எதை விட்டுப் போனார்கள் என்பதே அதன் கதை. ரைக்கரின் நாற்காலிக்குக் குறிவைத்த ஷெல்பி, முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதில் அட்மிரலாக வந்தார். நடித்தவர் அதே எலிசபெத் டென்னஹி.