சக்கரத்தின் மேல் ஒரு சிறு வீடு

மகிழுந்தின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வண்டிவீடுகளுள் ஒன்று நீர்த்துளி வடிவமானது. அதனுள் இருவர் படுக்கலாம். பின்கதவை உயர்த்தினால் சமையல் மேடை தோன்றும். 1930களில் அமெரிக்கர் பலர் இதனைத் தம் கைகளாலேயே கட்டினர்.

இதனைக் கட்ட விரும்பும் புதியவர் முதலில் எடுக்க வேண்டியது சுத்தியல் அன்று, அளவுகோல். சக்கர அச்சுக்கு முன்பக்கத்தில் பாரம் சற்று மிகுந்திருக்க வேண்டும். பின்புறம் கனத்தால், கழக்கூட்டம் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை போன்ற சாலைகளில் விரையும்போது வண்டி இருபுறமும் அலைந்து கவிழக்கூடும்.

இடத்தையும் திட்டமிட வேண்டும். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, குடிசைப் பகுதிகளில் சிறிய இடமும் சரிவரப் பயன்படாமையை ஆராய்ந்தார். பின்னர் ஆட்டோ ஒன்றின் மேல், 36 சதுர அடிக்குள் படுக்கை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றை அடக்கி, ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாயில் வீடு அமைத்தார். பழைய பொருள்களே பெரிதும் பயன்பட்டன. ஆறு மரையாணிகளைக் கழற்றினால் வீடு தனியே பிரியும்.

தரையில் சுண்ணக்கட்டியால் உண்மையளவில் வரைந்து, அதனுள் படுத்துப் பார்த்த பின்னரே பலகையை அறுத்தல் நன்று. கோட்டில் நேர்ந்த பிழையை அழித்துவிடலாம். அறுத்த பலகையை ஒட்ட இயலாது.