பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு

கடந்த கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டாபிராமில் காலைத் திருப்பலி முடிந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த வேளையில், நமக்கு நன்கு அறிமுகமான ஒரு தாய் நம்மை நிறுத்தி, "ஐயா, பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு கணக்குத் திறக்க வேண்டும், நீங்கள்தான் வழி சொல்லவேண்டும்" என்றார். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, பிறப்புச் சான்று, ஆதார் அட்டை, புகைப்படம் என்று நாமும் அடுக்கத் தொடங்கினோம். அருகில் நின்ற மூத்தவன் வாய்பொத்திச் சிரித்தான். அவனுக்கு வயது ஒன்பது, தங்கைக்கு ஆறு. அவர்கள் வேண்டியது பணம் சேர்க்கும் கணக்கு அல்ல. புதையல் தேடும் கணக்கு!

கனடாவிலிருந்து வந்திருந்த தாய்மாமன் மூட்டிவிட்ட ஆசை அது. அங்கே அவருடைய பிள்ளைகள் ஞாயிறுதோறும் கைப்பேசியும் கையுமாய்ப் பூங்காக்களிலும் காட்டுப் பாதைகளிலும் சுற்றி, யாரோ மறைத்து வைத்த டப்பாக்களைக் கண்டுபிடிக்கிறார்களாம். ஒவ்வொன்றும் அவர்கள் கணக்கில் ஏறுகிறதாம். "மாமா பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கு இருக்கிறதே!" என்பது நம் பட்டாபிராம் பிள்ளைகளின் வழக்கு.

ஜியோகேஷிங் என்று இதற்குப் பெயர். புவிப்புதையல் தேடல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதன் பிறப்பே சுவையானது. விண்ணில் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் குறிகளைக் கொண்டு, பூமியில் தான் நிற்குமிடத்தைக் கருவி கணிக்கிறது; நான்கு கோள்களேனும் அதன் கண்ணுக்குப் பட்டாக வேண்டும். அமெரிக்க அரசு பொதுமக்களுக்குக் கிடைத்த குறியில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தபடியால், கணிப்பு 100 மீட்டர் வரை தவறுவதுண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. நீங்கிய ஓரிரு நாளில், மே 3ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில புத்தகங்களையும் சில்லறைப் பொருள்களையும் ஒரு டப்பா பீன்ஸையும் இட்டுக் காட்டோரம் மறைத்து, அவ்விடத்தின் எண்களை ஊரறிய வெளியிட்டார். மூன்று நாளில் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் 190க்கு மேற்பட்ட நாடுகளில் முப்பது இலட்சம் டப்பாக்கள் மறைந்து கிடக்கின்றன. 2008இல் ரிச்சர்ட் கேரியட் என்ற விண்வெளிப் பயணி சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்துத் திரும்பினார்!

விதிகள் எளியவை. டப்பாவுக்குள் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். கண்டவர் அதில் தம் பெயரையும் தேதியையும் எழுதவேண்டும். விளையாட்டுச் சாமான் இருந்து, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான அல்லது மேலான ஒன்றை வைக்கவேண்டும். பின்பு இருந்தபடியே மறைத்துவிட்டு, கணக்கில் பதிவு செய்யவேண்டும்.

அகலாங்கும் நெட்டாங்கும் நம் ஊருக்கு அந்நியமானவை என்று எவரும் கருதவேண்டாம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன், நூறடிச் சங்கிலியைக் கொண்டு பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளக் கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த மாபெரும் நில அளவைக்கு அதுவே அடிக்கோடு. புனித தோமையார் மலைக்குத் திருயாத்திரை செல்லும் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பட்டாபிராம் ஏறக்குறைய வட அகலாங்கு 13.12, கிழக்கு நெட்டாங்கு 80.06இல் இருக்கிறது. ஒரு பாகை என்பது 111 கிலோமீட்டர். ஆகவே புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம் சுமார் 110 மீட்டரையும், நான்காவது 11 மீட்டரையும், ஐந்தாவது ஒரு மீட்டரையும் குறிக்கும். தசம பின்னம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை நமக்குத் தெரியவில்லை.

நிற்க, கணக்குக்கு வருவோம்.

இவ்விளையாட்டில் கணக்கு என்பது ஒரு பெயர். அப்பெயருக்குரியவர் எந்த நாளில் எந்த டப்பாவைக் கண்டார் என்பதை, கணக்கு வைத்திருக்கும் பிறரும் பார்க்கலாம். டப்பாவோ ஓர் இடத்தில் இருப்பது. ஆகவே ஒரு பிள்ளையின் பதிவுகளை வரிசையாகப் படிப்பவர், அப்பிள்ளை எந்தப் பகுதியில், எந்தக் கிழமையில், எந்தப் பூங்காப் பக்கம் நடமாடுகிறது என்பதை ஊகிக்க முடியும். அது மட்டுமன்று, ஒரு கணக்குக்காரர் மற்றொருவருக்குச் செய்தி அனுப்பவும் வழி உண்டு. பெரும்பாலும் அது "நன்றி, அடுத்த டப்பாவுக்கு ஒரு குறிப்புத் தருகிறேன்" என்னும் நட்புச் செய்திதான். ஆயினும், ஆறு வயதுப் பெண்ணின் பெயருக்கு முன்பின் அறியாத ஒருவர் எழுதும் கடிதத்தை முதலில் பிரிப்பது அவளா, அவள் தாயா என்பது கணக்கைத் திறக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

அந்தத் தாய் தாமே கணக்குத் திறக்க ஏற்கெனவே முயன்றிருந்தார். கணக்குக்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும். பிள்ளைக்கு அது இல்லை. மின்னஞ்சல் திறக்கப் போனால் 13 வயது நிறைந்திருக்கவேண்டும் என்றது. "அதற்கென்ன, பிறந்த ஆண்டை நான்கு வருடம் முன்னே தள்ளிப் போட்டுவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்; எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம்" என்றார். பையன் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா அருகில் அமர்ந்து, அவன் பார்க்க, அவனுடைய பிறந்த நாளைப் பொய்யாக எழுதப் போகிறார்! சென்ற மாதம்தான், வீட்டுப்பாடம் செய்ததாகப் பொய் சொன்னதற்காக அவனை அவர் தண்டித்ததை நாம் அறிவோம்.

பொய் என்பது ஒருபுறம் இருக்கட்டும், கணக்கும் இடிக்கிறது. ஒன்பது வயதுப் பையனைப் பதிமூன்று என்று எழுதினால், அவன் பதினான்கை எட்டும்போது அக்கணக்கில் பதினெட்டு முடிந்த பெரியவன் ஆகிவிடுவான். பிள்ளைகளுக்கென்று வைத்த காவல்கள் அன்றே விலகும். வளர்ந்தவர்களுக்கான விளம்பரங்களும் தொடர்புகளும் எட்டாம் ஒன்பதாம் வகுப்புச் சிறுவனைத் தேடி வரும். அன்று பெற்றோர் புகார் செய்தால், "நீங்கள் எழுதிய தேதிதானே?" என்பார்கள்.

வயது வரம்பு வீண் கெடுபிடியன்று. 13 நிறையாத பிள்ளையின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றி இணையதளங்கள் பெறலாகாது என்று அமெரிக்கா 1998இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் அவ்வயது 16. உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 18 நிறையாதவர் அனைவரும் குழந்தைகளே. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; குழந்தைகள் பற்றிய கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் எந்தச் சட்டமும், பெற்றோரே எழுதிக்கொடுக்கும் பொய்த் தேதியைத் தாண்டி வந்து பிள்ளையைக் காக்க இயலாது.

அப்படியானால் பிள்ளைகள் விளையாடவே கூடாதா? தாராளமாக விளையாடலாம். குடும்பத்துக்கு ஒரே கணக்கு போதும். அதைத் தந்தையோ தாயோ தம் மின்னஞ்சலில், தம் உண்மையான வயதில், தம் பொறுப்பில் திறக்கட்டும். கணக்கின் பெயரில் பிள்ளையின் பெயரோ, பிறந்த ஆண்டோ, பள்ளியோ, ஊரோ வேண்டாம். வீடு எங்கே என்று குறிக்கச் சொல்லும் இடம் ஒன்று வரும்; அருகிலுள்ள டப்பாக்களைக் காட்டவே அது கேட்கிறது, பிறருக்குக் காட்டுவதில்லை. எனினும் வீட்டு வாசலைக் குறிப்பானேன்? இரயில் நிலையத்தைக் குறித்தாலும் அதே டப்பாக்கள்தான் தெரியும். பதிவை வீடு திரும்பிய பின் எழுதுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைச் சேர்க்கவேண்டாம். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் எண்களே ஒளிந்திருப்பதுண்டு.

"எனக்கென்று ஒன்றும் இல்லையா?" என்று பையன் முகம் வாடியது. இங்கேதான் அந்தக் காகிதக் குறிப்பேடு கைகொடுக்கிறது. டப்பாவில் உள்ள ஏட்டில் ஒவ்வொரு பிள்ளையும் தான் தேர்ந்த புனைபெயரைத் தன் கையாலேயே எழுதட்டும். வீட்டில் ஒரு நோட்டில் டப்பாவின் பெயர், தேதி, கண்டுபிடித்த விதம் ஆகியவற்றை எழுதிவரட்டும். உரிய வயது வந்து, தன் உண்மைத் தேதியோடு சொந்தக் கணக்குத் திறக்கும் நாளில், பழைய கண்டுபிடிப்புகளை அந்தந்தத் தேதியிட்டே பதிந்துகொள்ளலாம். இதைக் கேட்டதும் பையனின் முகம் தெளிந்தது. ஒரு டப்பாவும் நஷ்டமில்லை அல்லவா!

பட்டாபிராமில் வாழ்வோர் கருதவேண்டியது மற்றொன்றும் உண்டு. நம்மைச் சுற்றி மிலிட்டரி சைடிங். அடுத்து ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப் படைத் தளம். ஊரின் ஊடே இருப்புப் பாதை. இரயிலிலும் நிலையத்திலும் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். அதே பிள்ளையிடம் மறைத்து வைத்த டப்பாவைத் தேடு என்கிறோம்! இராணுவ இடங்கள், பள்ளி வளாகங்கள், தண்டவாளத்து ஓரம் ஆகியவை இவ்விளையாட்டுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. டப்பாவை மண்ணில் புதைப்பதும் கூடாது. இடத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். ஆதலால் தளத்தின் படத்தில் குறித்த டப்பாவைத் தவிர வேறெதையும் தொடலாகாது. அதையும் பெரியவர் கைதான் முதலில் திறக்கவேண்டும் என்று சொல்லிவையுங்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடும் கடினமும் நிலத்தின் கடினமும் ஒன்று முதல் ஐந்து வரை குறித்திருக்கும். சிறுவர்க்கு இரண்டும் ஒன்று, ஒன்றரையாக இருந்தால் போதும். விரல் நுனி அளவு டப்பியாக இராமல், பொம்மை கொள்ளும் டப்பாவாக இருக்கட்டும்.

இன்னொன்றும் அந்தத் தாயிடம் சொன்னோம்: கணக்கே இல்லாமலும் இதை ஆடலாம். செயற்கைக்கோளின் குறியைப் பெறக் கட்டணம் இல்லை. சிம் அட்டை இல்லாத பழைய கைப்பேசியும் போதும்.

அடுத்த சனிக்கிழமையே தந்தையார் ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவைப் பாட்டி வீட்டுத் தோட்டத்தில் ஒளித்துவிட்டு, ஐந்து இலக்கத் தசமத்தோடு இரண்டு எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மரநிழலில் கருவி ஐந்தாறு மீட்டர் தடுமாறுமாதலால், பையன் மாமரத்தையே நான்கு முறை சுற்றினான். பழைய ஆட்டுக்கல்லின் குழியில் தென்னை மட்டைக்கு அடியில் கிடந்ததைத் தங்கைதான் கண்டாள். அந்தக் கூச்சலைக் கேட்டுப் பாட்டி, பாம்போ என்று பதறி ஓடி வந்தாராம்.

உள்ளே இருந்த குறிப்பேட்டில் பையன், பள்ளி நோட்டின் மேலட்டையில் எழுதிப் பழகிய கையால், பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளி, வீட்டு எண், தெரு என்று முழுவதும் எழுதி முடித்திருந்தான். தந்தை அத்தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இதை ஏன் அந்நியர் டப்பாவில் எழுதலாகாது என்று அங்கேயே அமர்ந்து விளக்கினார். மறு தாளில் அவன் "மின்னல்" என்று எழுதினான். தங்கை பெயர் எதுவும் எழுதாமல், ஓர் அணிலை வரைந்து வைத்தாள்.